தம்பியின் ரிப்போர்ட்டை யார் யார் பார்க்கலாம்?

கேள்வி: நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. அம்மா பெங்களூரில் வீட்டு வேலை செய்கிறார். 17 வயதுத் தம்பி பாலக்கோடு பக்கம் பாட்டியோடு இருந்து பிளஸ் டூ படிக்கிறான். கஞ்சாவில் தொடங்கி, போதைக்காக வலி மாத்திரை எடுப்பது வரை போய்விட்டான். தருமபுரி அரசு மருத்துவமனையில் காட்டினோம். அம்மா பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். ஓரிடத்தில் எழுதிய மாத்திரை இன்னோரிடத்துக்குத் தெரிவதில்லை. போகும் இடத்திலெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அம்மா, மாமா, வகுப்பாசிரியர், கவுன்சலர் எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப் தொடங்கினேன். சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் அதில் போட்டேன். மாமாவின் போனில் தம்பி அதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான். அவன் போனில் கண்காணிக்கும் ஆப் போட்டுவிடலாம் என்கிறார் மாமா. போடலாமா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: வேண்டாம். மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஒரு ரிப்போர்ட் வெளியே போனதற்கே ஆஸ்பத்திரியை விட்டுவிட்ட பையன், போனில் உளவு ஆப் இருப்பது தெரிந்தால் உங்களிடம் பேசுவதையும் விட்டுவிடுவான். அவன் எங்கே சுற்றுகிறான் என்று தெரிந்துகொண்டு ஓசூரில் ஷிப்டில் நிற்கும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

குரூப் தொடங்கிய காரணம் நியாயமானது. மாநில எல்லையைத் தாண்டி இரண்டு மருத்துவமனைகளில் காட்டும் குடும்பங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிறைய. ஒரு மருத்துவமனையின் ஃபைல் இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. ஆபா என்ற 14 இலக்க எண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதிவுகளை ஒரே எண்ணில் இணைத்து, யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் பார்க்கலாம் என்று நாமே அனுமதி தரும் ஏற்பாடு அது. எடுத்து வையுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரு மருத்துவமனை பதிவேற்றாவிட்டால் அதன் ஃபைல் தானாக அதில் வந்துவிடாது. அதை மட்டும் நம்பி ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் யார் தொடங்கினார், எதை நிறுத்தினார், எது ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்து எப்போது வரச் சொன்னார். இவ்வளவுதான். ஓ.பி. சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போட்டோ எடுத்து அதோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு இடத்திலும் மாத்திரை எழுதி வாங்குவது ஆபத்து; அதில் தூக்க மாத்திரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரை எழுதுவது ஒரே இடமாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் தருமபுரி. பாலக்கோட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நிமான்ஸுக்கு என்றால் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும்; ஆறு மாதம் தொடர்ந்து போக முடியாது.

அந்தப் பக்கம் முதலில் தம்பியின் போனில் இருக்கட்டும். அவனே படித்துத் திருத்தட்டும். அவன் எடுத்துக்கொண்டதில் எது, எவ்வளவு என்பது உங்களைவிட அவனுக்குத்தான் தெரியும்.

குரூப்பைக் கலைத்துவிடுங்கள். நீங்கள் கலைத்தாலும் போட்டது மற்றவர்கள் போனில் இருக்கும்; சுமார் இரண்டரை நாள் கடந்த செய்தியை எல்லோரிடமிருந்தும் அழிக்க வாட்ஸ்ஆப் விடாது. ஒவ்வொருவரிடமும் நீங்களே பேசி அழிக்கச் சொல்ல வேண்டும். இனி அவரவருக்கு வேண்டியதை மட்டும் சொன்னால் போதும். ஆசிரியருக்கு, எந்த நாள் ஆஸ்பத்திரி, வகுப்பில் தூங்கி வழிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது போதும். சிறுநீரில் என்ன இருந்தது என்பது அவருக்கு எதற்கு? பாட்டிக்கு, எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்பது போதும். மாத்திரையும் சில நாளுக்கானது மட்டும் அவர் கையில் இருக்கட்டும். மாமாவுக்கு? கூடப் போய்வர ஆள் தேவைப்படும் நாளில் அவரைக் கூப்பிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை அவனுக்கும் உண்டு. அவனுக்கு 17 வயது என்பதால் சம்மதம் தர வேண்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவார். அதனால் உங்கள் தாலுகா முழுக்கத் தெரியலாம் என்று ஆகிவிடாது.

நேரில் போக முடியாத வாரங்களில் இ-சஞ்சீவனி என்ற அரசு சேவை வழியாக வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை வீடியோவில் எழுதித் தருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், தொடக்கத்தில் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். போனில் காலண்டர் நினைவூட்டல் வைத்தால் ‘ஓ.பி.’ என்று மட்டும் எழுதுங்கள். திரையில் நோயின் பெயர் ஒளிர வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வலி மாத்திரையைச் சில வாரம் விட்டிருந்தவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 108. இதைப் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டதுண்டா என்று டாக்டர் அவனிடம் தனியாகக் கேட்கட்டும். போட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

போலீஸ் பயம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றங்களில், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்று முடிப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

அடுத்த லீவு நாளில் ஊருக்குப் போய், குரூப் விஷயத்துக்காக முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அக்கா கேட்டால் தப்பில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இதை யார் யார் பார்க்கலாம் என்று அவனையே கேளுங்கள். டாக்டரும் நீங்களும் மட்டும் என்றால் அப்படியே விடுங்கள். அன்றும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் 14416ஐ அழைக்கலாம். டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அவன் பேச மறுத்தால் நீங்களே பேசுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் வழி சொல்வார்கள்.