'காய்ச்சல்' என்று சொல்லி வைத்திருக்கிறோம்...

கேள்வி: 6 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் (லுக்கேமியா). நான்கு மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. அவனிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். சில நாட்களில் கண்மண் தெரியாமல் கோபப்பட்டு அடிக்கிறான். ஊசி என்றாலே அலறல். 10 வயது மகளோ பேச்சையே குறைத்துவிட்டாள். என்ன செய்வது?

பதில்: கோபத்துக்கு மருந்தும் காரணமாக இருக்கலாம். இந்தச் சிகிச்சையில் தரும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் பிள்ளைகளின் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப் போடும். கோபம் வரும் நாட்களையும் மாத்திரை நாட்களையும் ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதற்காக அவனை அடிக்க விட்டுவிடவும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது" என்று சொன்னால் போதும்.

'காய்ச்சல்' விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு அக்காவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால், அவளுக்கும் முடி கொட்டும் என்று பயப்படுவானே! தவிர, கீமோ எடுக்கும் பிள்ளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த வார்த்தையை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள். இந்த வயதில், "நான் சேட்டை செய்ததால்தான் இப்படி" என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. அவனிடம் இவ்வளவு சொல்லுங்கள்: "உன் ரத்தத்தில் சில அணுக்கள் சரியாக வளரவில்லை. அதற்குப் பெயர் லுக்கேமியா. நீ செய்த எதனாலும் வரவில்லை." மீதியை அவனே கேட்பான். "செத்துப்போவேனா?" என்று கேட்டால் வாயை அடைக்காமல், ஏன் அப்படித் தோன்றுகிறது என்று முதலில் கேளுங்கள். சில சமயம் பக்கத்துக் கட்டிலில் யாரோ பேசியது காதில் விழுந்திருக்கும்.

ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பு தடவலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். படுக்க வைத்து அமுக்காமல் மடியில் உட்கார வையுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை வலித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. தம்பியோடு போட்ட சண்டையால் வந்ததோ, தனக்கும் ஒட்டுமோ என்று அவள் உள்ளுக்குள் புழுங்கலாம். இது ஒட்டாது என்பதை அவளிடமும் சொல்லுங்கள். "நல்ல பொண்ணு, தொந்தரவே இல்லை" என்று பாராட்டினால் இன்னும் வாயை மூடிக்கொள்வாள். தினமும் கொஞ்ச நேரம் அவளுக்கென்றே ஒதுக்குங்கள், தம்பி பேச்சு இல்லாமல். இரண்டு வாரம் பார்த்தும் அவள் இப்படியே இருந்தால், மகன் சிகிச்சை பெறும் இடத்திலேயே மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? அந்த ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.