ஷார்ஜாவிலிருந்து திருமங்கலத்தில் மனை: போனில் எது முடியும், எது முடியாது

வாசகர் கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். திருமங்கலத்துக்கும் தோப்பூருக்கும் நடுவில் ஒரு லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை, 12 லட்சம் என்கிறார்கள். எய்ம்ஸ் பத்து நிமிஷம் என்று ட்ரோன் வீடியோ, கூகுள் லொகேஷன், பட்டா, வில்லங்கம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ரெரா எண் கேட்டதற்கு ‘அப்ளை பண்ணியாச்சு’ என்றார்கள். இந்த வாரத்துக்குள் ஆன்லைனில் 2 லட்சம் அட்வான்ஸ் போட்டால் விலையில் சலுகையாம். போட்டுவிடலாமா? அப்புறம் கேமரா வைத்து இங்கிருந்தே பார்த்துக்கொண்டு வீட்டையும் கட்டி முடித்துவிட முடியுமா?

பதில்: அட்வான்ஸ் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அதைவிட முக்கியமாக இந்த ஆன்லைன் வசதிகளை எந்த வேலைக்கு நம்பலாம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மனை இல்லாவிட்டாலும் அடுத்த மனைக்கு இதே கேள்வி வரும்.

பத்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனையின் வில்லங்கம் பார்க்க சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம் வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸில் தெரிந்த ஆள் வேண்டும். இன்று பட்டா, சிட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு எல்லாமே அரசின் தளங்களில் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கிறது, வெளிநாட்டில் இருப்பவருக்கு இது பெரிய வரம். ஆனால் ஒன்று. ஒரு மனை ‘வேண்டாம்’ என்பதை இவை சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ‘வாங்கு’ என்று ஒருபோதும் சொல்லாது. புரமோட்டர்கள் இதைத் தலைகீழாகக் காட்டித்தான் விற்கிறார்கள்: வில்லங்கம் சுத்தம், பட்டா ஆன்லைனில் இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை என்று.

முதலில் ரெரா. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அதாவது ஏறக்குறைய 12 சென்டுக்கு மேல், மனை பிரித்து விற்றால் ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு ஆகும் முன்னால் விளம்பரம் செய்யவோ, புக்கிங் வாங்கவோ கூடாது. ஆகவே ‘அப்ளை பண்ணியாச்சு’ என்பது உங்களுக்குத் தைரியம் தரும் பதில் இல்லை, உங்களிடம் பணம் கேட்க அவருக்கு இன்னும் உரிமை வரவில்லை என்று அவர் வாயாலேயே சொல்வது. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 12 லட்சத்துக்கு அது 1 லட்சத்து 20 ஆயிரம். அவர் கேட்பது 2 லட்சம், அதுவும் ஒரு காகிதம்கூட இல்லாமல். பாக்கி எதையும் பார்க்காமலே இங்கே நிறுத்திவிடலாம்.

எண் கிடைத்துவிட்டால்? தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டு அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை எடுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககமோ அந்தப் பகுதிக்குரிய திட்டக் குழுமமோ கொடுத்த வரைபடம் அதுதான், புரமோட்டர் கலர் கலராக அடித்துக் கொடுக்கும் பேப்பர் அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை இரண்டு மனையாக்கிக் காட்டுவது, 30 அடி ரோடு என்று சொல்லிவிட்டு வரைபடத்தில் 23 அடியாக இருப்பது, இதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அங்கீகாரமே இல்லாத மனையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டு, அதற்கடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. அது 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரிக்கப்பட்ட மனைகளுக்குத்தான். ‘வாங்குங்க, அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’ என்று இப்போது புதிதாகப் பிரித்த மனையைக் காட்டிச் சொன்னால் அதை நம்பக் கூடாது.

இப்போது வில்லங்கம். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர் அனுப்பிய பிடிஎஃப்-ஐ மூடி வையுங்கள், பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், பார்வையிடக் கட்டணம் கிடையாது. அந்தத் தளம் நீங்கள் தட்டும் சர்வே எண்ணுக்கு மட்டும்தான் பதில் தரும். உதாரணமாக இன்றைக்கு மனை இருப்பது 85/2ஏ1 என்ற உட்பிரிவு என்றால், அந்த எண்ணைப் போட்டால் சமீபத்தில் பிரித்த பிறகு நடந்ததுதான் வரும், அதற்கு முந்தைய முப்பது வருஷம் காலியாகத் தெரியும். ‘வில்லங்கம் இல்லை’ என்று அதைத்தான் அனுப்புவார்கள். பிரிப்பதற்கு முன் அது 85/2, அதற்கும் முன்னால், 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்புக்கு முந்தைய பத்திரங்களில், வேறு எண்ணாகவே இருந்திருக்கலாம். நிலத்தின் பழைய உரிமைப் பத்திரமான மூலப்பத்திரத்தை வாங்கி அதில் என்ன எண் இருக்கிறதோ அதையும், பட்டாவில் உள்ள எண்ணையும், நடுவில் வந்த உட்பிரிவுகளையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975 வாக்கில் இருந்துதான் கிடைக்கும், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் மனு போட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் சுத்தமாக இருந்தாலும் வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களின் பட்டியல்தான். அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது அதில் இருக்காது. விற்பவரின் அக்காவோ தங்கையோ கையெழுத்துப் போடாமல் விடப்பட்டிருப்பதும், பதிவு செய்யாத கிரய ஒப்பந்தமும் இருக்காது. சிவில் வழக்கு நடந்தால்? அதற்கு நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மதுரை மாவட்டம், திருமங்கலம் நீதிமன்றங்களைத் தேர்ந்தெடுத்து விற்பவர் பெயர், அவர் அப்பா பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள், ஒரு எழுத்து மாறினால் வழக்கு வராமல் போய்விடும்.

பட்டா பற்றி: அதன் குறிப்பு எண்ணைப் போட்டு உண்மையா என்று அரசுத் தளத்திலேயே சரிபார்க்கலாம், செய்யுங்கள். ஆனால் பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அது ஒன்றே உங்கள் உரிமைக்கு முழு ஆதாரம் ஆகிவிடாது. பட்டாவோடு அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், அந்த நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, கோயில் பெயரில் இருக்கிறதா என்று தெரியும். மதுரையைச் சுற்றிக் கோயில் நிலமும் கண்மாய்ப் புறம்போக்கும் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கண்மாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், புரமோட்டர் அனுப்பும் ட்ரோன் வீடியோவைவிட நூறு மடங்கு பயன்படும். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து, பழைய வருஷத்துப் படங்களைக் காட்டும் வசதியை எடுத்து, அவர் அனுப்பிய லொகேஷனில் வருஷம் வருஷமாகப் பின்னால் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும், அதனால் மழை நன்றாகப் பெய்த வருஷங்களின் தை மாதப் படங்களைத் தேடுங்கள். வயலா, தரிசா, தண்ணீர் நின்ற பள்ளமா, ஓடை எந்தப் பக்கமாகப் போயிற்று, அந்த ஓடை இன்றைய படத்தில் எங்கே காணாமல் போனது, எல்லாம் தெரியும். திருமங்கலம் பக்கம் பெரியாறு பாசனக் கால்வாயின் கிளைகளும், ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் வாய்க்கால்களும் நிறைய உண்டு. அவற்றை மண் போட்டு மேவிவிட்டால் காகிதத்தில் மனைதான், மழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். ஊர்ப் பெயரில் ஏந்தல், குளம், நேரி என்று வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ட்ரோன் வீடியோவில் நான் முதலில் தேடுவது அதில் இல்லாததை: மெயின் ரோட்டிலிருந்து லேஅவுட் வாசல் வரைக்குமான பாதை. மேலே இருந்து எடுத்தால் எல்லா ரோடும் அகலமாகத் தெரியும். அந்தப் பாதை பொதுப்பாதையா, யாருடையதோ பட்டா நிலத்தில் தற்காலிகமாகப் போட்ட மண் ரோடா என்பது புலப்படத்தில்தான் தெரியும். எய்ம்ஸ் பத்து நிமிஷம் என்பதையும் விட்டுவிடுங்கள். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லியே எத்தனையோ மனை விற்றாயிற்று.

போன் லொகேஷனை வைத்து எல்லையை முடிவு பண்ணாதீர்கள். போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை சாதாரணமாகத் தள்ளிக் காட்டும், 30 அடிக்கு 40 அடி மனையில் ஐந்து மீட்டர் என்றால் பாதி மனை பக்கத்து வீட்டுக்காரருடையது. டோட்டல் ஸ்டேஷன் என்ற துல்லியமான அளவைக் கருவி வைத்து, சர்வே கல்லிலிருந்து பிடித்து அளக்கும் சர்வேயர் வேண்டும், உங்கள் வீட்டு ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். அரசு அளவைக்கும் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இந்தச் செலவையும், மூலப்பத்திரத்தை வழக்கறிஞர் படித்து எழுத்தில் கொடுக்கும் கருத்துக்கான செலவையும் மிச்சம் பிடிக்காதீர்கள். வழக்கறிஞர் புரமோட்டர் காட்டும் ஆளாக இருக்கக் கூடாது, நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும்.

கிரயம் முடிக்க நீங்கள் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் பவர் (உங்களுக்குப் பதில் கையெழுத்திட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி வீடு. அனுமதி வாங்குவது உண்மையிலேயே எளிதாகிவிட்டது. 2024 ஜூலை 22 முதல், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளரத் தளத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. உங்கள் வீடு இதற்குள் வந்துவிடும். அதிகாரி வந்து பார்க்காமல் கிடைப்பதால், கொடுத்த விவரம் தப்பென்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் என்பதையும் நினைவில் வையுங்கள். வரைபடம் போடுபவர் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை ஒழுங்காக விட்டிருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

எல்லோரும் வீட்டின் முகப்பைக் காட்டும் 3டி எலிவேஷன் படத்துக்கு மயங்குகிறார்கள். நீங்கள் மண் பரிசோதனைக்கும் அஸ்திவாரம், கம்பி அளவுகளைக் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்குக்கும் காசு கொடுங்கள். திருமங்கலம் பக்கம் கரிசல் மண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கிற மண். செம்மண்ணில் போடுகிற அஸ்திவாரத்தை அதில் போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் சுவரில் விரிசல் விழும். சென்னை ஐஐடியில் 2021-ல் 600 சதுர அடி வீட்டை 3டி பிரிண்டரில் அச்சடித்துக் காட்டினார்கள், நல்ல முயற்சி, ஆனால் உங்கள் வீட்டைக் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும்தான் கட்டப் போகிறார்கள், அதனால் அவர்கள் வேலையைப் பார்ப்பது எப்படி என்று பேசுவோம்.

கேமரா வையுங்கள், தப்பில்லை. ஆள் வந்தார்களா, சிமெண்ட் மூட்டை இறங்கியதா, மாலையில் தண்ணீர் விட்டார்களா என்பது தெரியும். கம்பி 12 எம்எம்-ஆ 10 எம்எம்-ஆ என்பது கம்பத்து மேலே இருக்கும் கேமராவில் தெரியாது. கான்கிரீட் போட்ட பிறகு எதுவுமே தெரியாது. ஆகவே கான்கிரீட்டுக்கு முந்தின நாள்தான் முக்கியமான நாள். அன்று வீடியோ கால் போட்டு, ஒவ்வொரு பில்லர், பீம், தளத்திலும் கம்பி மேல் டேப்பை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை கம்பி, எவ்வளவு இடைவெளி என்று டிராயிங்கோடு ஒப்பிடுங்கள். கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் நிற்க இடம் விடும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள்: தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அஸ்திவாரத்தின் அடிப்பகுதியான பூட்டிங்குக்கு 50. ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். போட்டோ வாங்கினால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து அழிந்துவிடும், போன வாரப் படமா வேறு சைட் படமா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கினால் லாரியோடு வரும் பேட்ச் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிளான்ட் கம்ப்யூட்டர் அச்சடிப்பது அது, சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எவ்வளவு எடை, எத்தனை மணிக்குக் கலந்தது என்று இருக்கும். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். லாரி எங்கோ நின்றுவிட்டு வந்து, இறுகிப்போனதை இளக்கத் தண்ணீர் ஊற்றினால் திருப்பி அனுப்ப உங்கள் ஆளுக்குத் தைரியம் வேண்டும். அந்தக் கான்கிரீட்டில் சோதனைக்கான ஆறு க்யூப் (கனசதுரக் கட்டி) எடுத்து மூன்றை 7-வது நாளும் மூன்றை 28-வது நாளும் லேபில் உடைத்து, ரிப்போர்ட்டை லேப் நேரடியாக உங்கள் மெயிலுக்கு அனுப்ப வேண்டும், காண்ட்ராக்டர் வழியாக அல்ல. மதுரை வெயிலில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதைப் பத்து நாளுக்குக் கீழே குறைக்க விடாதீர்கள்.

இதற்கெல்லாம் காண்ட்ராக்டரிடம் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை, கான்கிரீட் போடும் முன் வந்து பார்த்துக் கையெழுத்திட மட்டும், தனியாகச் சம்பளம் பேசி வையுங்கள். ஒப்பந்தத்தில் மாதாமாதம் பணம் என்று எழுதாதீர்கள். அஸ்திவாரம், பேஸ்மெண்ட், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்த இன்ஜினியரின் கையெழுத்தும் க்யூப் ரிப்போர்ட்டும் வந்தால்தான் அடுத்த தவணை என்று எழுதுங்கள். 28 நாள் ரிப்போர்ட் வரும்வரை வேலையை நிறுத்த முடியாது என்று காண்ட்ராக்டர் சொன்னால் அது நியாயம்தான், 7 நாள் ரிப்போர்ட்டை வைத்துத் தவணையில் பெரும் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை 28-வது நாள் ரிப்போர்ட் வந்ததும் கொடுங்கள்.