2 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் 1.81 டிபி என்று காட்டுவது

இடம் எதுவும் தொலையவில்லை. அட்டையில் போட்ட 2 டிபியும் விண்டோஸ் காட்டும் 1.81 டிபியும் ஒரே அளவுதான். கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

தயாரிப்பாளர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸோ ஒவ்வொரு படியிலும் 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுக்கிறது. பைட்டிலிருந்து கேபி, எம்பி, ஜிபி என்று படிப்படியாக டிபிக்கு வர நான்கு முறை வகுக்க வேண்டும். அதனால்தான் வித்தியாசம் 9 சதவீதம் வரை போகிறது. ஜிபியில் இது 7 சதவீதம்தான். இதே டிஸ்க்கை இப்போதைய மேக்கில் செருகினால் 2 டிபி என்றே காட்டும்.

சந்தேகம் இருந்தால் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். கெபாசிட்டி வரியில் உள்ள பைட் எண் 2-ல் தொடங்கி 13 இலக்கம் வந்தால் சரி.

அதைவிட நிறையக் குறைந்தால் கதை வேறு. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பிரிக்காமல் விட்ட பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.