வாசகர் கேள்வி: தோட்டத்துச் சாமான்களுக்குப் பதிவேடு எழுதுவது எப்படி?

கேள்வி: அக்கா, வணக்கம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில், ரப்பர் தோட்டத்துச் சனங்கள் கொடுத்த பழைய சாமான்களை வைத்துச் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறோம். தோளில் வாளி தூக்கும் காண்டாக் கம்பு, பால் வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) அடிக்கும் மணி, ஆள் வருகை எழுதிய செக்ரோல் புத்தகங்கள், ஜப்பான்காரன் காலத்துப் பண நோட்டுகள் என 300-க்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் நான்தான் எக்செல்லில் ஏற்றினேன். இப்போது பட்டியலில் உள்ள நம்பரும் பொருளில் ஒட்டிய நம்பரும் ஒத்துப்போகவில்லை. பாதி ஸ்டிக்கர் விழுந்துவிட்டது. இதற்கு நல்ல மென்பொருள் ஒன்று சொல்லுங்கள்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மென்பொருள் இருக்கட்டும், முதலில் கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இதைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், தெரியும். நான் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் பதிவறையில் வேலை பார்த்தபோது, மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் ஸ்டிக்கரெல்லாம் தரையில் கிடந்தன. பால்மரம் வெட்டும் கத்திகள் மட்டுமே நாற்பது இருந்தன. பட்டியல் பத்திரமாக இருந்தது, கத்திகளும் பத்திரமாக இருந்தன, ஆனால் எந்தக் கத்தி எந்தப் பாட்டியுடையது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தப் பாட்டிகளில் சிலர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு பொருளுக்கு ஒரு நம்பர், அது வேறு எதற்கும் கிடையாது. பொருள் உடைந்து போனாலும், திருப்பிக் கொடுத்துவிட்டாலும், அந்த நம்பரை இன்னொன்றுக்குக் கொடுக்கக்கூடாது. வருஷம், அந்த வருஷத்தில் எத்தனையாவது நன்கொடை, அதற்குள் எத்தனையாவது பொருள் என்று எழுதுவதுதான் பல இடங்களில் வழக்கம். 2024-இல் பத்தாவதாக ஒரு குடும்பம் காண்டாக் கம்பும் இரண்டு வாளியும் கொடுத்தால், கம்பு 2024.10.1, வாளிகள் 2024.10.2, 2024.10.3. மூன்றும் ஒன்றாக வந்தவை என்பதை நம்பரே சொல்லிவிடும்.

உங்கள் நம்பர்கள் குழம்பியதற்கு எக்செல்லும் ஒரு காரணமாக இருக்கலாம், பாருங்கள். 2024.10 என்று அடித்தால் அது அதை எண் என்று எடுத்துக்கொண்டு கடைசிச் சுழியத்தைத் தூக்கிவிட்டு 2024.1 ஆக்கிவிடும். உங்கள் பத்தாவது நன்கொடையும் முதல் நன்கொடையும் ஒன்றாகிவிடும்! 3-12 என்று அடித்தால் தேதியாக மாற்றிவிடும். 1900-க்கு முந்திய தேதிகளைத் தேதியாகவே அதற்குத் தெரியாது. அதனால் எதையும் அடிப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியை (காலத்தை) ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள், அல்லது நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள்: தோ-2024-10 என்பது போல.

அப்புறம், ஸ்டிக்கரையும் செலோடேப்பையும் இன்றோடு விட்டுவிடுங்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை ஒன்று உருகிக் கறையாகும், இல்லையென்றால் காய்ந்து உதிரும். காகிதமாக இருந்தால் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் லேசாக எழுதுங்கள், பேனா வேண்டாம். புடவை, தலைத்துணி போன்றவற்றுக்கு வெள்ளைப் பருத்தி நாடாவில் நம்பரை எழுதி ஓரத்தில் நாலு தையல் போடுங்கள். மங்கு மாதிரி வழவழப்பானவற்றுக்கு, அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 என்ற தெளிவான பூச்சை ஒரு கோடு தடவி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். வேண்டாமென்றால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம், மங்குக்கு ஒன்றும் ஆகாது. துருப்பிடித்த இரும்பில் எதையும் எழுத வேண்டாம், நூல் கட்டி அட்டையைத் தொங்கவிட்டால் போதும்.

பிரிட்டனின் கலெக்‌ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற அருங்காட்சியக வழிமுறையில் மொத்தம் 21 வேலைகள் இருக்கின்றன. அதில் அடிப்படை என்று சொல்வது 9 மட்டும். அந்த ஒன்பதையும் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் அறைக்கு முதலில் வேண்டியது, இருக்கிற பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்து நம்பர், பெயர், எங்கே வைத்திருக்கிறது, யார் கொடுத்தது, யார் எந்தத் தேதியில் பார்த்து எழுதியது என்று நோட்டில் எழுதுவதுதான். பொருளை இடம் மாற்றினால் அன்றைக்கே எழுதவும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால்தான் காணாமல் போகிறது. பொருளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அளவு, என்னவெல்லாம் எழுதியிருக்கிறது, எங்கே கீறல் எங்கே ஒட்டு என்பதையும் குறித்துவைத்தால், நாளைக்குத் திருட்டுப் போனாலும் போலீஸில் காட்டலாம். 1997-இல் வந்த ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற குறிப்பு முறை இதற்காகவே உருவானது.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ‘பால் வாளி, தகரம், ஒன்று’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம் (வரிசை வீடு), யார் தூக்கினது, எந்த வயதில் தூக்க ஆரம்பித்தார், அடிப்பக்கம் ஏன் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று கொடுப்பவரை உட்கார வைத்துக் கேளுங்கள். போனில் பதிவு செய்து, அந்த ஒலிக்கோப்புக்கும் வாளியின் நம்பரையே பெயராக வையுங்கள். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் உங்களுடையது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நேரத்தில், 1960-இல், தொழிலாளர்களே பங்குப் பணம் போட்டுத் தோட்டம் வாங்க, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். வீடுகளில் அந்தச் சங்கத்தின் பழைய பங்குப் புத்தகம் இருந்தால், அதற்குப் பணம் கட்ட எதை விற்றார்கள், எதைக் குறைத்தார்கள் என்பது புத்தகத்தில் இருக்காது, அந்தப் பெரியவர் வாயில்தான் இருக்கும்.

தோட்டப் பெயரும் கவனம். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். ஆள் பெயரிலும் அப்படித்தான்: செக்ரோலில் கிராணி (தோட்ட எழுத்தர்) எப்படி எழுதினாரோ அப்படியே ஒரு பத்தியில், லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி மூன்றும் தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரே பெயர் இன்னொரு பத்தியில். கிராணியின் எழுத்தை நாம் திருத்தக்கூடாது.

இன்னொன்று, ஐசி (அடையாள அட்டை) நம்பர். 1948 ஜூன் 16-இல் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டு, அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்ததையும், அந்த வருஷமே அடையாள அட்டை பதிவு தொடங்கியதையும் உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்துக் காகிதங்களும், குடியுரிமை கிடைக்காதவர்களின் சிவப்பு ஐசியும் உங்களிடம் வந்திருக்கும். அந்த நம்பர்களும் முகவரிகளும் வெளியாட்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கவே கூடாது. தனிக் கோப்பில் வைத்து, இருவர் மட்டும் திறக்கிற மாதிரி செய்யுங்கள்.

பட்டியல் சுத்தமானதும் கலெக்டிவ்ஆக்ஸஸ் போன்ற இலவச மென்பொருள்களைப் பார்க்கலாம். அதுவரைக்கும் எக்செல்லே போதும். லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஒருவர் வீட்டில் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை அச்செடுத்தும் வையுங்கள்.

கேள்வி: நானும் அதே ஊர்தான். என் அப்பாவின் செக்ரோலையும், தோட்டத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோவையும் அந்த அறைக்குக் கொடுத்தேன். இப்போது என் மகள் போட்டோ வேண்டுமென்கிறாள். கேட்டால், கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார்கள். கேட்பது தப்பா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தப்பே இல்லை ஐயா. கொடுத்த அன்றைக்கு ‘நன்கொடை’ என்றோ ‘இரவல், இத்தனை வருஷத்துக்கு’ என்றோ எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த மனக்கசப்பு வந்திருக்காது. அப்படி ஒரு தாள் இல்லை என்றால் யார் சொல்வது சரி என்று காட்டுவது கஷ்டம், அதனால் சண்டை போட வேண்டாம். போய் உட்காருங்கள். போட்டோவைப் பெரிய அளவில் ஸ்கேன் எடுத்து அறைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று பேசலாம், அசல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். எதுவானாலும் அந்தத் தாளை இப்போதாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

போகும்போது மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்த குரூப் போட்டோவில் நிற்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாகச் சொல்ல உங்களால்தான் முடியும். மேலே கேள்வி கேட்ட, பட்டியல் எழுதும் தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பெயராக எழுதச் சொல்லுங்கள்.