மேம்பாலம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால்...

(நகரத் திட்டமிடல் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர் வேகமாக வளர்கிறது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான போக்குவரத்துத் திட்டம் தயாராகிறதாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில், 'மேம்பாலம் வேண்டுமா, வேண்டாமா?' என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன எழுதுவது?

பதில்: 'இதற்கு முந்தைய கேள்விகள் எங்கே?' என்று எழுதுங்கள். கிண்டல் இல்லை. மேம்பாலம் கடைசியில் வரவேண்டிய கேள்வி. வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு, எங்கே, எதில் போகிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். அப்புறம், போக நினைத்தும் போகாமல் விட்ட இடம் எது என்றும் கேட்க வேண்டும். பணியில் இருந்த காலத்தில் இந்த ஒரு வரியைப் படிவத்தில் சேர்ப்பதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன். சாலைச் சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணினால் வண்டிகள்தான் கணக்கில் வரும். இரவுப் பேருந்து இல்லாததால் வேலையை விட்டவரும், சாலையைக் கடக்கப் பயந்து வீட்டோடு இருந்துவிட்ட பாட்டியும் அதில் வரமாட்டார்கள்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1999-இல் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஆண்கள் பலர் 'வேலைக்குப் போகிறேன், திரும்புகிறேன்' என்று சட்டென்று முடித்துவிட்டார்கள். பெண்களோ எழுதிக்கொண்டே போனார்கள்: பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மருத்துவரிடம் போவது, காய்கறி வாங்குவது, வயதான தாயைப் பார்ப்பது. பெரும்பாலும் நடையும் பேருந்தும்தான். அதன் பிறகு அங்கே நடைபாதைகளை அகலமாக்கினார்கள், தெருவிளக்குகள் போட்டார்கள், படிக்கட்டுகளில் சரிவுப்பாதை அமைத்தார்கள். மேம்பாலம் வேண்டுமா என்று மட்டும் கேட்டிருந்தால் இதில் ஒன்றாவது வந்திருக்குமா?

கேள்வி: சாலையை அகலப்படுத்துங்கள் என்றுதான் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மக்கள் கேட்பதைச் செய்வதுதானே ஜனநாயகம்?

பதில்: வலி எங்கே என்று மக்கள் சொல்வதில் பிழையே இருக்காது. மருந்து விஷயத்தில்தான் சிக்கல். அகலப்படுத்திய சாலைக்கு, வேறு வழியில் போனவர், வேறு நேரத்தில் போனவர், பேருந்தில் போனவர் எல்லோரும் வந்து சேருவார்கள். பெருநகர விரைவுச்சாலை உச்ச நேரத்தில் இப்படித்தான் மறுபடி நிரம்புகிறது என்று ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1962-லேயே எழுதிவிட்டார். இன்றும் இதைக் கூட்டத்தில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அதனால் வாதம் செய்வதைவிட, செய்து காட்டிவிட்டுக் கேட்பது மேல். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் அதைத்தான் செய்தது. நகருக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்றதும் ஊரே எதிர்த்தது. முதலில், 2005 ஆகஸ்டிலேயே, கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணம் சோதனை முறையில் அமலில் இருந்தது. கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்த பிறகு, செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் 'சரி' என்றார்கள். சுற்றியிருந்த நகராட்சிகள் பலவற்றில் தனியாக நடந்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்றே வந்தது. அதையும் மறைக்கக் கூடாது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. எதையும் பார்க்காமல் சொன்ன கருத்துக்கும், ஏழு மாதம் அனுபவித்துவிட்டுச் சொன்ன கருத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது சின்ன ஊர். பேருந்துத் தடமெல்லாம் இப்போதே பேச வேண்டுமா?

பதில்: இப்போதுதான் பேச வேண்டும். கட்டடம் வந்துவிட்டால் நிலம் கிடைக்காது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1966-இல் திட்டம் போட்டு, எந்தெந்த அச்சுகளில், அதாவது எந்தெந்த முக்கியச் சாலைகளை ஒட்டி வளர வேண்டும் என்று வரைந்தது. 1974-இல் அந்த அச்சுகளில் பேருந்துகள் தமக்கென்றே ஒதுக்கிய தனித்தடத்தில் ஓடத் தொடங்கின. அடுக்குமாடிகளுக்கும் அந்த ஓரமாகவே அனுமதி கொடுத்தார்கள். பேருந்தை வாங்குவது பிறகு. இடத்தை ஒதுக்குவது இப்போது.

கேள்வி: கூட்டத்தில் சொன்னதெல்லாம் எங்கே போகிறது?

பதில்: பல நேரம் எங்கும் போவதில்லை, திட்ட அறிக்கையின் பின்னிணைப்பைத் தவிர. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பு அதில் நான்காவது படிதான். மக்களிடம் கேட்டுவிட்டு, அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் படி அது. நீங்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எந்த முடிவுகள் இன்னும் எடுக்கப்படவில்லை? எல்லாம் முடிந்துவிட்டதென்றால் அந்தக் கூட்டம் வெறும் சடங்கு. அதை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, வந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எதிரே 'ஏற்றோம்' அல்லது 'ஏற்கவில்லை, காரணம் இது' என்று அட்டவணை போட்டு வெளியிட வேண்டும். கூட்டத்தை வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைத்தால், யார் வர முடியாது என்று ஒரு பட்டியல் எழுதி, மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இன்னொரு கூட்டம் கேட்டு மனுக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.