ஊர் மாறும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேலை மாற்றலாகிச் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்துவிட்டோம். பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டு இங்கே புதிதாக எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு ஏஜென்ட். அப்படியா?

பதில்: வேண்டவே வேண்டாம். கார் பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். இப்போதைக்கு முகவரியை மட்டும் மாற்றச் சொல்லி உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். கர்நாடக நம்பர் கிடைத்ததும் புது ஆர்.சி. நகலை அனுப்பி, அதே பாலிசியில் என்டார்ஸ்மென்ட் (திருத்தக் குறிப்பு) போட்டு வாங்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால், கிளெய்ம் வரும்போது சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் அதைத்தான் பிடிப்பார். நம்பர் மாற்ற, சென்னையில் எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்தீர்களோ அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். அதற்கான படிவம் 28. வண்டியின் அடிச்சட்டகத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சையும் கேட்பார்கள். எழுத்து ஒன்றுகூட மங்காமல் எடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பாலக்காட்டில் இருக்கிறேன். அவ்வப்போது கோவை போய், வண்டி கேரளத்தை விட்டு வெளியே போனதற்கு ஆதாரமாக டோல் ரசீது எடுத்து வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டு நம்பரை மாற்ற வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. மாற்றுங்கள்.

கேள்வி: புனேயிலிருந்து கோவைக்கு வந்து, இங்கே ஆயுட்கால சாலை வரியும் மொத்தமாகக் கட்டியாயிற்று. மகாராஷ்டிரத்தில் கட்டியது திரும்பக் கிடைக்குமா?

பதில்: மீதமுள்ள ஆண்டுகளுக்கான பங்கு கிடைக்கும். புது ஆர்.சி., இங்கே வரி கட்டிய ரசீது, என்.ஓ.சி. நகல், வங்கி விவரம் ஆகியவற்றுடன் புனே ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பியுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. புது மாநிலம் வரியை வாங்கிக்கொண்டுதான் நம்பர் தருகிறது. பழைய மாநிலத்திடம் இருக்கும் பணத்துக்கு மட்டும் வண்டிக்காரர் அலைய வேண்டும். பெரும்பாலான ஆர்.டி.ஓ. ஆபீஸ்களின் பதிவுகள் 'வாகன்' என்ற ஒரே கணினித் தொகுப்பில் இருக்கும்போது, ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்கு நேரே கணக்குத் தீர்க்க என்ன தடை? ரயில் டிக்கெட்டும் லீவும் போட்டுப் பார்த்துவிட்டு, வர வேண்டிய பணத்தையே கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். இதற்கு வழி தெரியாமலும் இல்லை. 2021 செப்டம்பரில் வந்த 'பி.எச்.' (பாரத்) வரிசை நம்பருக்கு இரண்டு இரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும், மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. ஆனால் அது ராணுவத்தினருக்கும், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும்தான். சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் நர்ஸ் ஊர் மாறினால் அவர் மட்டும் இரண்டு முறை கட்ட வேண்டுமா? விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் படம் பார்த்து, முழுப் பணமும் கொடுத்து டெல்லி டீசல் கார் வாங்கினேன். சேலம் வந்துவிட்டது. என்.ஓ.சி. பிறகு வரும் என்ற புரோக்கர் இப்போது போன் எடுப்பதில்லை. இன்ஷூரன்ஸ் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 வருடம்தான் ஆயுசு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. அதனால்தான் விலை இறங்கியது. அதையாவது விசாரித்தீர்களா? மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் வண்டியின் வயதும், கடன் இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். நான் வாங்கிய ஒரு வெளிமாநிலக் காரில் கடன் அடைத்த கடிதம் இருந்தது, ஆனால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கவில்லை. அது நீங்காமல் என்.ஓ.சி. நகரவில்லை. வண்டி ஷெட்டில் நின்றே பேட்டரி செத்தது.

வண்டி கைமாறினால், அது அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு கூடவே வரும். உங்கள் சொந்தச் சேதத்துக்கு வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறாமல் கார் நொறுங்கினாலும் திருடு போனாலும் கிளெய்ம் கிடைக்காது. பெயர் மாற்றக் கேட்க 14 நாள்தான் கெடு. ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு, ஓனருக்கே என்.ஓ.சி. கேட்டு இன்று ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். புரோக்கரை நம்பி இன்னும் ஒரு நாள்கூடக் கழிக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டாண்டுக்கு முன் என் காரை வாங்கியவர் ஆந்திராவுக்குக் கொண்டுபோனார், பெயர் மாற்றவே இல்லை. இப்போது விபத்து வழக்கில் சித்தூரிலிருந்து எனக்கு சம்மன். இன்ஷூரன்ஸும் இல்லையாம். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: அம்மா, நீங்கள் நம்பினீர்கள், அவர் ஏமாற்றிவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் சம்மனை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு முடிந்துவிடும். டெலிவரி ரசீது, பணம் வந்த பாஸ்புக் பக்கம், வாங்கியவரின் ஆதார் நகல், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க மனுப் போடும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். 'இன்ஷூரன்ஸ் இல்லை' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். விபத்து நடந்த தேதியில் உங்கள் பழைய பாலிசி உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் அடிபட்டவருக்கு அந்தக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைத்து, சித்தூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தில் வக்கீல் கேளுங்கள்.