இரண்டு பீடம் வைத்திருந்த அரசர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கி வேலையில் இருந்துகொண்டே தபால்வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். முதல் பேப்பரின் முதல் யூனிட், தொடக்ககால ஆங்கில இலக்கியத்தின் வரலாற்று, பண்பாட்டுப் பின்னணி. கைடில் 449, 597, 793, 1066 என்று ஆண்டுகளைப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்துவிட்டேன். ஆனால் பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபை மொழிபெயர்ப்பில் படித்தபோது குழம்பிப்போனேன். கதை முழுக்கப் பழைய ஜெர்மானிய வீரர்கள். நடுநடுவே கடவுள், விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீன், பெருந்தீர்ப்பு நாள் என்று வருகிறது. கைடு இதை 'கிறித்துவத் துறவிகளின் இடைச்செருகல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படித்தானா? அந்த வரிகளை எடுத்துவிட்டால் அசல் காவியம் கிடைத்துவிடுமா? இன்னொரு சந்தேகம்: ஆங்கிலேயரின் முதல் காவியம் என்கிறார்கள். அதில் இங்கிலாந்தே இல்லையே?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

தேர்வில் கைடு சொன்னதையே எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் கையிலும் அதே கைடுதான் இருக்கும். இங்கே நாம் வேறு மாதிரி பேசலாம்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கிழக்கே இருந்த கிழக்கு ஆங்லியாவை ரெட்வால்ட் என்ற அரசர் ஆண்டார். கென்ட் நாட்டுக்குப் போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு வந்தார். ஊர் திரும்பியதும் மனைவியும் ஆலோசகர்களும் பிடித்துக்கொண்டார்கள். இரு தரப்பையும் பகைக்க மனமில்லை போலும். ஒரே கோயிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பீடம், பழைய தெய்வங்களுக்குப் பலியிட ஒரு சின்னப் பீடம் என்று ஏற்பாடு செய்துகொண்டார். இதை நமக்குச் சொல்பவர் ஜாரோ மடத்துத் துறவி பீட். 731இல் எழுதி முடித்த லத்தீன் திருச்சபை வரலாற்றில் முகம் சுளித்தபடி சொல்கிறார். பழைய தெய்வங்கள் என்று நான் எழுதியது என் மரியாதை. அவர் எழுத்தில் அவை பேய்கள். ஆனால் ஒரு தகவலை விடாமல் குறித்துவைத்திருக்கிறார். அந்தக் கோயிலைத் தன் சிறுவயதில் பார்த்ததாகப் பிற்கால அரசர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆக, ரெட்வால்டுக்குப் பிறகும் அது பல காலம் நின்றிருக்கிறது.

1939இல் அதே கிழக்கு ஆங்லியாவில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம். மரம் மக்கிப்போய், ஆணிகள் மட்டும் மண்ணில் வரிசையாக இருந்தன. தலைக்கவசம், வாள், தங்கக் கொக்கி, யாழ் என்று பொருள் குவியல். கப்பலோடு புதைப்பது கிறித்துவ வழக்கமே அல்ல. ஆனால் அதே குழியில் கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்த இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. ஒன்றில் பவுலோஸ். மற்றதைச் சவுலோஸ் என்று படிக்கிறவர்கள் உண்டு; கிறித்துவராகும் முன்பு புனித பவுலின் பெயர் சவுல். இது ரெட்வால்டின் கல்லறையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் ஊகம். அவருடையதோ வேறொருவருடையதோ, அந்தக் குழிக்குள்ளும் இரண்டு பீடம் இருக்கிறது.

உங்கள் கைடில் 597 என்ற எண்ணுக்கு எதிரே 'அகஸ்டின் வருகை, கிறித்துவம் பரவியது' என்று இருக்கும். பரவிய விதம்தான் இலக்கியத்தைத் தீர்மானித்தது. துறவி அகஸ்டினை அனுப்பிவைத்த போப் கிரகோரி 601இல் எழுதிய கடிதம் ஒன்றை பீட் அப்படியே தருகிறார். கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளியுங்கள். மாடு வெட்டி விருந்து வைக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டாம், கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும் என்கிறது அது. கட்டடம் பழையது, விருந்து பழையது, பெயர் மட்டும் புதியது. இன்றைக்கும் ஆங்கிலத்தில் புதன்கிழமை பழைய தெய்வமான வோடனின் நாளாகவும் வியாழன் இடித்தெய்வத்தின் நாளாகவும்தான் இருக்கின்றன. யாரும் மாற்றவில்லை.

மொழிக்குள்ளும் இதேதான் நடந்தது. மாடு மேய்த்த கேட்மனின் கதை பாடத்தில் வந்திருக்கும். விருந்தில் யாழ் கைமாறித் தன் பக்கம் வருவதைப் பார்த்தாலே எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார், பாடத் தெரியாது. ஒரு நாள் கனவில் யாரோ 'படைப்பைப் பாடு' என்று கேட்க, பாடிவிட்டார். இடம் விட்பி மடம், அங்கே ஹில்டா தலைவியாக இருந்த காலம். பாட்டு ஒன்பதே வரி. அதில் கடவுளைக் குறிக்க வரும் சொற்களில் ஒன்று 'ட்ரிக்டன்'. படைக்கூட்டத்தின் தலைவனுக்கு உரிய சொல் அது. தேன்மது மண்டபத்தில் அமர்ந்து தன் வீரர்களுக்குப் பொன் வளையம் வழங்குகிறவன். யாப்பும் மண்டபத்து யாப்புதான்: வரியை இரண்டாக உடைத்து, இரு பாதியையும் முதலெழுத்து ஓசையால் கட்டுவது. நமக்கு மோனை பழகிய காது என்பதால் மொழி புரியாவிட்டாலும் அந்தக் கட்டு கேட்கும். புதிய கடவுளைப் பாட அவரிடம் வேறு சொல்லோ வேறு யாப்போ இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீட் இந்தப் பாட்டை லத்தீனில் மட்டுமே தருகிறார். கவிதையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழகு போய்விடும் என்று வருத்தமும் தெரிவிக்கிறார். ஆங்கில மூலம் எப்படிக் கிடைத்தது? பிரதி எடுத்தவர்களில் சிலர் பக்க ஓரத்திலும் கடைசிப் பக்கத்திலும் எழுதிவைத்ததால் கிடைத்தது. காலத்தால் முந்திய ஆங்கிலக் கவிதை நமக்கு ஓரக் குறிப்பாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது 'இடைச்செருகல்' பக்கம் வருவோம். இடையில் செருக வேண்டுமென்றால் முதலில் ஓர் ஏடு இருக்க வேண்டும். அந்த மக்களிடம் கிறித்துவத்துக்கு முன்பு ஏடே கிடையாது. ரூன் எழுத்து இருந்தது. மரத்திலும் எலும்பிலும் ஆயுதத்திலும் பெயரோ சிறு வாசகமோ கீறுவார்கள். கன்றுத்தோலைப் பதப்படுத்தி அதில் நீளமாக எழுதும் வழக்கம் திருச்சபையோடு வந்தது. கதைகள் அதற்கு முன்பே பாடகர் வாயில் இருந்தன என்பது உண்மை. ஆனால் நம் கையில் இருக்கும் 3182 வரிக் காவியம் கிறித்துவ உலகில் உருவானது. 'அசல்' என்று பிரித்தெடுக்க அடியில் எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனி நாட்டு அறிஞர்கள் சிலர் அப்படிப் பிரிக்கப் படாதபாடு பட்டார்கள். 1936இல் டோல்கீன் ('லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதியவர்தான்) ஓர் உரையில் இந்தக் கவிஞர் தெரிந்தே இரண்டையும் கலந்திருக்கிறார் என்று வாதிட்டார். உங்கள் கைடு இன்னும் அந்த ஆண்டுக்கு வந்து சேரவில்லை.

துறவிகள் இந்தக் கதைகளை வெறுத்தார்களா? 797இல் ஆல்குயின் என்ற பேரறிஞர் ஓர் ஆயருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. உணவு வேளையில் யாழிசைப்பவனைக் கேட்காதீர்கள், வேதம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறார். 'இன்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம்? வீடு குறுகலானது, இரண்டு பேருக்கும் இடமில்லை.' இன்கெல்ட் பழைய வீரகதை நாயகன், பியோவுல்ஃபிலும் வருகிறான். கண்டிக்கிற கடிதம்தான். ஆனால் குருமார் சாப்பாட்டுக் கூடத்தில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பதும் அதே கடிதம்.

வீட்டில் இடமிருந்ததற்குச் சாட்சி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஃபிராங்க்ஸ் பேழை என்பார்கள். திமிங்கில எலும்பில் செதுக்கிய சிறு பெட்டி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம், வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா வேலைப்பாடு. முன்பலகையில் இடப்பக்கம் வேலண்ட் என்ற கொல்லன்: தன்னைச் சிறைவைத்த அரசனின் பிள்ளைகளைக் கொன்று, மண்டையோட்டில் கோப்பை செய்து பழிதீர்த்தவன். வலப்பக்கம் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் ஞானியர். மேலே ரூனில் 'மாகி' என்று பெயர்ச்சீட்டு வேறு. நடுவில் ஒரு கோடு. அதைச் செதுக்கிய கையிடம் போய் 'எது இடைச்செருகல்' என்று கேட்டால் என்ன சொல்லியிருக்கும்?

பியோவுல்ஃபிலிருந்து கிறித்துவத்தை எடுத்துப் பாருங்கள். பியோவுல்ஃப் கொல்லும் அரக்கன் கிரெண்டல், காயீனின் வழித்தோன்றல். அதை நீக்கினால் அவன் சதுப்பு நிலத்து மிருகம், அவ்வளவுதான். உடன்பிறந்தோரைக் கொல்வது இந்தக் காவியம் முழுவதும் ஓடும் பயம். ஒருவன் கொல்லப்பட்டால் உறவினர் பழிவாங்க வேண்டும், அல்லது உயிர்விலை பெற வேண்டும். கொன்றவனே உறவினன் என்றால்? பழியும் வாங்க முடியாது, விலையும் பெற முடியாது. ஹ்ரெதெல் என்ற கிழ அரசர் அப்படித்தான் ஏங்கிச் சாகிறார். மகன் எய்த அம்பு குறி தவறி இன்னொரு மகன் மேல் பட்டுவிட்டது. இந்தப் பயத்துக்குக் காயீன் என்ற பெயர் எவ்வளவு பொருந்துகிறது! வெளியிலிருந்து ஒட்டியதாகவே எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் இரண்டாவது சந்தேகம். ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் வந்தது டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து. குடியேறியவர்கள் பழைய ஊர்க் கதையைச் சொன்னார்கள். களம் டென்மார்க்கும் தென் ஸ்வீடனும். ஆங்கிள் அரசர் ஓஃபா ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறார், அவரும் கடல் தாண்டாத பழைய தலைமுறை. விசித்திரம் வேறொன்று. நம்மிடம் இருக்கும் ஒரே கைப்பிரதி 1000 வாக்கில் எழுதப்பட்டது. அப்போது டேனியர்கள் இங்கிலாந்தை ஓயாமல் தாக்கிக்கொண்டிருந்தார்கள். 1016இல் டேனிய அரசர் கனூட் அரியணையே ஏறிவிட்டார். அந்தச் சூழ்நிலையில் எழுத்தர் இருவர் உட்கார்ந்து டேனிய அரசர்களின் புகழில் தொடங்கும் பாட்டைப் பொறுமையாகப் படியெடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியும் 1731 நூலகத் தீயில் ஓரம் கருகித்தான் தப்பியது.

முடிவுப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். கிழவரான பியோவுல்ஃப் டிராகனோடு பொருது சாகிறார். சிதை மூட்டுகிறார்கள். ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள். 'வானம் புகையை விழுங்கியது' என்று பாதி வரி. அதற்கு முன்பு, உயிர் பிரியும் இடத்தில், அது 'சோத்ஃபெஸ்ட்ரா டோம்' தேடிப் போனது என்கிறார் கவிஞர். நீதிமான்களுக்குக் கடவுள் தரும் தீர்ப்பு என்றும் கொள்ளலாம். நேர்மையானவர்கள் தங்கள் வாயால் தரும் புகழ் என்றும் கொள்ளலாம். முதல் பொருளில் அவர் சொர்க்கம் போகக்கூடும். இரண்டாவதில் மண்டபத்துப் பாட்டில் மட்டும் இருப்பார். ஞானஸ்நானம் பெறாத ஒரு மனிதரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? நான் பல வருடமாக ஒரு தடவை அப்படியும் ஒரு தடவை இப்படியும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.